ரயில் ஏறாத ரயில்

அருப்புக்கோட்டை வழியாகப் போகும் விருதுநகர்–மானாமதுரைப் பாதையை அகலப்பாதையாக்க மூடியவர்கள், 2013இல்தான் மறுபடி திறந்தார்கள். "இனி சரக்கு வண்டியா ஓடும்ல?" என்றார் டீக்கடை அண்ணாச்சி. ஓடட்டும் அண்ணாச்சி, வத்தல் ஏறலாம், பருப்பு ஏறலாம். சிவகாசிச் சரக்குதான் இடிக்கும். பட்டாசோடு ரயிலேறும் பயணிக்கு, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் காத்திருக்கிறது. 1927 முதல் ரயில் பார்க்கும் சிவகாசியில் நின்று அதைச் சொல்வது, திருப்பதியில் லட்டுக்குத் தடை போடுவதுபோல. ஊரே லாரியை நம்பிப் பிழைக்கிறது. நூலில் கோத்துப் பற்றவைத்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சீறி ஓடுமே, ரயில் பட்டாசு? அதுவும் லாரியில்தான் போகிறது.