வீட்டிலேயே புல்லட் கட்டுவது எப்படி?

வாழ்த்துகள்! பழைய காஸ்ட் அயன் புல்லட் ஒன்றை ஓடாத நிலையில், ஓடுகிற வண்டியின் விலைக்கு வாங்கிவிட்டீர்கள். வலதுபக்கம் கியர், இடதுபக்கம் பிரேக், அடியில் எண்ணெய்க் குட்டை. இனி மெக்கானிக் தேவையில்லை. கீழே உள்ளபடி செய்யுங்கள், பாதியை ஏற்கெனவே செய்துமுடித்திருப்பீர்கள்.

1. கம்பெனி வரலாற்றை அரைகுறையாகப் படியுங்கள்.

1890களில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகங்கள் செய்துதரும் ஆர்டர் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயரும், பீரங்கிச் சின்னமும், ‘துப்பாக்கி போலச் செய்யப்பட்டது’ என்ற விளம்பர வாசகமும் அந்த வழியில் வந்தவைதான். துப்பாக்கிப் பாகத்துக்கு அளவுதான் உயிர். இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள். பீரங்கி ஸ்டிக்கர் எந்த சைஸில் கிடைக்கிறது என்று பாருங்கள்.

2. முதலில் கலரை முடிவுசெய்யுங்கள்.

போர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கனெக்டிங் ராடு ஆடுகிறதா என்பதெல்லாம் பிறகு. மூன்று வாரம் போனில் படம் பாருங்கள். கடைசியில் மேட் பச்சையில் வந்து நிற்பீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். 1950களில் இந்திய ராணுவம் புல்லட் வாங்கியது, அதனால் மளிகைக்கடைக்குப் போகிற உங்களுக்கும் அந்தப் பச்சை உரியது. மேட் பெயின்டில் பெட்ரோல் சிந்தினால் கறை நிற்கும், பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். டேங்க் மூடியைச் சுற்றி இரண்டு மாதத்தில் ஓர் இந்துமகா சமுத்திரமே வரைந்திருக்கும். அதுவே தனி அழகு.

(என்னைக் கேட்டால் புல்லட்டுக்குக் கருப்பும், டேங்கில் கையால் இழுத்த பொன்கோடும் போதும். என்னைக் கேட்கவா இதைப் படிக்கிறீர்கள்?)

3. ஒரே நாளில் வண்டியைப் பிரித்துவிடுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள், எல்லாம் ஞாபகம் இருக்கும். நட்டு, போல்ட், வாஷர் அத்தனையையும் ஒரே பெயின்ட் டப்பாவில் போட்டு, டப்பாவைக் குலுக்கி வையுங்கள். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்து வரும். எது எதில் போகும் என்ற சந்தேகம் வந்தால் நீளமான ஸ்பானரை எடுத்து அழுத்துங்கள். இரண்டு சுற்று சுலபமாகப் போய் அப்புறம் இறுகுகிறதா? அது புதிய மரை உருவாகும் சத்தம்.

4. எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங்.

இந்தப் படியில்தான் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போகவேண்டும், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். கடைக்காரர் ‘மறைக்க வேண்டிய இடமெல்லாம் டேப் ஒட்டணுமா சார்?’ என்று கேட்பார். ‘வேண்டாம், முழுசா அடிங்க’ என்று சொல்லுங்கள். பவுடர் படிவது ஏறக்குறைய 60 முதல் 100 மைக்ரான். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் இன்ஜினைத் தாங்கும் போல்ட் ஓட்டையில் எல்லாப் பக்கமும் அது ஏறிவிட்டால் போல்ட் உள்ளே போகாது. சுத்தியலை எடுங்கள். தலைக்குழாயில் ஸ்டியரிங் கோன் செட்டின் கப்பு உட்காரும் இடமும் அப்படித்தான்: கப்பு கோட்டிங்கின்மேல் கோணலாக உட்காரும், ஹேண்டில் ஒருபக்கம் பிடித்துப் பிடித்துத் திரும்பும். அரத்தை வைத்துத் தேய்த்தால் ஓரம் பெயர்ந்து, அங்கே தண்ணீர் இறங்கி, கோட்டிங்குக்குக் கீழேயே துரு நிம்மதியாகக் குடும்பம் நடத்தும்.

டேங்கையும் அனுப்புங்கள். முந்தைய ஓனர் அதில் நசுங்கல் தெரியாமல் பட்டி பார்த்திருப்பார், ஓட்டை தெரியாமல் ஈயம் வைத்திருப்பார். பவுடர் உருகிப் பிடிக்க அடுப்பில் 180, 200 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பட்டி உப்பி வெடிக்கும், ஈயம் ஒழுகும். வண்டியின் பழைய வரலாறு முழுக்க வெளியே வந்துவிடும். வேறு எந்தப் பரிசோதனையும் இவ்வளவு நேர்மையாக இருக்காது.

முக்கியமான ஒன்று. சேசிஸ் நம்பர் அதே தலைக்குழாய்ப் பக்கத்தில்தான் பொறித்திருக்கும். அதன்மேலும் நன்றாக அடிக்கச் சொல்லுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் அல்லவா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரைப் பிரதி எடுப்பார்கள். உங்கள் காகிதத்தில் ஓர் அழகான சாம்பல் கட்டம் மட்டும் விழும்.

5. இன்ஜின் கேஸுக்கு மணலடி.

உள்ளே இருப்பதை முழுசாகக் கழற்றாமல், எண்ணெய் ஓடும் துளைகளை அடைக்காமல், சேண்ட் பிளாஸ்டிங் கொடுங்கள். அலுமினியம் பால்வெள்ளையாக வரும். மணல் எண்ணெய்த் துளைக்குள் ஒளிந்துகொண்டு, நீங்கள் எவ்வளவு ஊதினாலும் வராமல், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் எண்ணெயோடு கிளம்பி பேரிங், பிக் எண்டு என்று எல்லோரையும் நலம் விசாரிக்கும்.

6. மிச்சமிருப்பதற்கு குரோம்.

குரோம் முலாம் என்று நாம் பார்ப்பது ஒரு மைக்ரான்கூட இராது. துருவைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் நிக்கல். நிக்கல் கண்ணுக்குத் தெரியாது, எனவே அதற்கு எதற்குக் காசு? ‘குரோம் மட்டும் போதும், ரேட்டைக் குறைங்க’ என்று பேரம் பேசுங்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் மட்கார்டில் மிளகு தூவியது போலப் புள்ளி வரும்.

ஸ்பிரிங்குகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், பிரேக் ஸ்பிரிங் முதல் ஸ்டாண்ட் ஸ்பிரிங் வரை. முலாம் தொட்டியில் கிடக்கும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். உடனே அடுப்பில் வைத்துச் சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால், பளபளப்பு ஒரு சொட்டும் குறையாமல், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

7. டேங்குக்குள் எபாக்சி.

துருவைச் சுரண்டாமல், ஈரம் காயாமல், அதன்மேலேயே ஊற்றுங்கள். பங்க்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எல்லா எபாக்சியும் அதைத் தாங்காது. தோல் தோலாக உரிந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். அடைபடும் இடம் மேம்பாலத்தின் நடுவாகத்தான் இருக்கும்.

8. சைலன்சர்.

ஷார்ட் பாட்டிலா, லாங் பாட்டிலா, கோல்ட் ஸ்டாரா, இந்தூரியா? கடையில் நான்கையும் மாட்டி முறுக்கிப் பாருங்கள். எதைக் கேட்டதும் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழும் என்று தோன்றுகிறதோ அது. கார்புரேட்டர் ட்யூனிங்கைத் தொடாதீர்கள். பைப்பில் துணிச்சுருள் சுற்றுங்கள், மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து உள்ளிருந்து அரிக்க அதைவிடச் சிறந்தது இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். ஹேண்டில், சைலன்சர், பின்டயர், மட்கார்டு என்று கூட்டிப்பாருங்கள். மலைக்கவேண்டாம். அது அபராதமில்லை, நீங்கள் போட்ட உழைப்பின் மதிப்பீடு.

9. ஒயரிங்.

ஃபிரேம் முழுக்க பவுடர் கோட்டிங் என்பதால் எர்த் எங்கேயும் பிடிக்காது. ஹெட்லைட் போட்டால் ஹார்ன் முனகும், ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் கண்சிமிட்டும், ஆம்பியர் மீட்டர் முள் இரண்டு பக்கமும் தலையாட்டும். கோட்டிங்கைச் சுரண்டி ஓர் இடத்தில் எர்த் வைத்தால் தீர்ந்துவிடும். சுரண்டாதீர்கள். என்ன விலை கொடுத்த கோட்டிங்! அதற்குப் பதில் இன்னும் பெரிய எல்.இ.டி. வாங்குங்கள்.

10. மிச்சப் பணத்தில் பிரேக்.

மிச்சம் இராது. கவலை வேண்டாம். பிரேக் ஷூ டிரம்முக்குள் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய ஷூவை உப்புத்தாளில் தேய்த்து அப்படியே மாட்டுங்கள். நார்நாராக விட்ட கேபிளுக்கு மட்டும் புது ரப்பர் உறை போடுங்கள், அது வெளியே தெரியும். வீல் பேரிங்கைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் போய் அதற்கென்று கொடுக்கும் காசுக்குப் பித்தளையில் ஒரு பீரங்கி பொம்மை வாங்கி முன்மட்கார்டில் வைக்கலாம்.

11. முதல் ஓட்டம்.

பதினெட்டாவது உதையில் வண்டி கிளம்பும். சட்டையை மாற்றிக்கொண்டு வாருங்கள். மேடாகப் போகும் தெருவைத் தேர்ந்தெடுங்கள், அது நிற்க உதவும். டீக்கடையில் நிறுத்த வேண்டுமானால் நாற்பது அடிக்கு முன்னாலேயே கிளட்சைப் பிடித்து, இடதுகாலால் பிரேக்கையும் வலதுகாலால் தரையையும் அழுத்திக்கொண்டே வந்து, கடை பெஞ்சில் லேசாக முட்டி நில்லுங்கள். கிளாஸைக் கழுவிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘என்ன சார் கலர் இது?’ என்று கேட்பார். கோடு நம்பரோடு சொல்லுங்கள்.