செல்லூரில் ஒரு நங்கூரம்

செல்லூர்க்காரன் வாயில் 'மிதக்கும்' என்ற சொல்லே வரக் கூடாது. 2017 ஏப்ரலில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கும் அன்றைய அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே காற்று அவற்றைக் கரை சேர்த்துவிட்டது. ஆகவே, மே விடுமுறைக்குப் பாய்மரப் படகில் போகிறேன் என்று டீக்கடையில் சொன்னபோது, "செலோ டேப்பு எடுத்துக்கிட்டீங்களாண்ணே?" என்று கேட்டதில் ஆச்சரியமில்லை.

படகு மண்டபம் என்ற கடற்கரை ஊரில் இருந்தது. மச்சினனின் கூட்டாளி ஒருவருடைய சின்ன வத்தை, ஒற்றைப் பாய். "எங்க ஓட்டுறது, எங்க நங்கூரம் போடுறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க மச்சான்" என்று மச்சினன் பெருந்தன்மையாக விட்டுவிட்டான்.

மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களுக்குக் காற்றெல்லாம் இரண்டாம்பட்சம், முதலில் தண்ணீர் வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கவே அணையைத் திறக்க வேண்டியிருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளத்தில் நான் கிரிக்கெட்தான் ஆடியிருக்கிறேன்; மைய மண்டபம் எங்களுக்குப் பெவிலியன். தைத் தெப்பத்தன்றுகூடத் தெப்பத்துக்குப் பாய் கிடையாது, வடம் பிடித்துத்தான் இழுப்பார்கள். செல்லூரில் படகு விடத் தோதான நாள் என்று யோசித்தால், 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கித் தெருவுக்குள் வந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. கேட்டிலேயே நங்கூரம் பாய்ச்சியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்துப் படகு இல்லை.

சரி, மண்டபம். வரைபடத்தை விரித்தேன். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்கடலில் வரிசையாகத் தீவுகள். ஏதாவது ஒன்றில் ஒதுங்கி மீன் குழம்பு வைப்பது என்று தீர்மானித்துப் படகுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார்.

"மே மாசம் கச்சான் காத்து எழும்பிரும்ணே. தெக்க ஆம்பளக் கடலு, தூக்கி அடிக்கும். வடக்க பொம்பளக் கடலு, இப்ப சாதுவா இருக்கும். வாடை மாசத்துல வாங்க, அப்பத் தெக்க போவோம்."

காற்று மாறினால் அங்கே படகுகளும் கடல் மாறுமாம். தீவுகளைப் பற்றிக் கேட்டேன். 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கினால் வனத்துறை நமக்குக் குழம்பு வைத்துவிடும். ஒரே ஆறுதல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், பாய் வத்தைக்குத் தடையில்லை. ஆகக்கூடி நான் எடுக்க வேண்டிய முடிவுகளைக் காற்றும் அரசாங்கமும் எடுத்து முடித்திருந்தன.

மிச்சம் நங்கூரம். அதையாவது நானே செய்விப்பதென்று வெல்டிங் பட்டறையில் சொல்லி நான்கு கொக்கி வைத்து அடித்து வாங்கினேன். பதினைந்து அடி நைலான் கயிறும் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால், மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது பாதாளக்கரண்டிதானங்க?" என்றாள். கப்பலுக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் பேசி என்ன பயன்?

வடகடல் சொன்னபடியே சாதுவாக இருந்தது. எட்டடி ஆழத்தில் என் நங்கூரத்தை நானே போட்டேன். கயிறு விறைப்பாக நின்றது. திருப்தியாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். கரையில் குடையோடு நின்ற மனைவி சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே போனாள்.

"என்னங்க தம்பி, கரை நகருது?"

"கரை நகராதுண்ணே."

கச்சான் எங்களை நிதானமாக இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. படகுக்காரர் பதறவில்லை. தன் நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். "கிணத்துல விடுற மாதிரி நேரா விட்டா எப்படிண்ணே? நங்கூரம் தரையில படுக்கணும், கயிறு சாஞ்சு இழுக்கணும். அப்பத்தான் கொக்கி மண்ணைக் கடிக்கும். எட்டடித் தண்ணிக்கு நாப்பதடியாவது வேணும்." வத்தை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மனைவி அதே அளவில் நின்றாள்.

திரும்பி வந்த வாரம் பக்கத்து வீட்டுக் கிணற்றில் குடம் விழுந்துவிட்டது. "அண்ணே, உங்ககிட்ட பாதாளக்கரண்டி இருக்காமே?" என்று அந்த வீட்டம்மா வந்து நின்றார். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவில்லை. எடுத்துப்போய் இறக்கினேன். கோடைக் கிணறு, தண்ணீர் அடியில் கிடந்தது.

கயிறு அங்கேயும் பத்தவில்லை.