வேலிக்காத்தானின் குடியுரிமை: குடவோலை நோக்கில் ஓர் ஆய்வு

வேற்று நாட்டிலிருந்து வந்து உத்திரமேரூர் வட்டாரத்தில் நிலைகொண்டோரில் முதலிடம் வேலிக்காத்தானுக்கே. ஏட்டுப் பெயர் சீமைக் கருவேலம். பூர்வீகம் மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும். 1877 வாக்கில் விறகுத் தேவைக்காக இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. அதே கண்டத்திலிருந்து முன்பே வந்த மிளகாய், நிலக்கடலை, பப்பாளி ஆகியவற்றின் சொந்த ஊரை இன்று யாரும் விசாரிப்பதில்லை. வேலிக்காத்தானுக்கு மட்டும் விசாரணை ஓயவில்லை.

குடியேற்றத்தின் முகவர் வெள்ளாடு. கோடையில் ஏரிக்கரையில் மேயும் ஆடு, மஞ்சளாய்ப் பழுத்து உதிர்ந்த காயை மொறுமொறுவென்று மெல்லும். சதையின் இனிப்பு ஆட்டுக்கு; கெட்டித்தோல் விதை வயிற்றில் ஊறிப் பதமாகி, புழுக்கையோடு ஏரியின் உள்வாயில் இறங்கும். வந்த அன்றே இடமும் எருவும் வாய்த்த குடியேறிகள் அரிது. வெட்டினால் அடிக்கட்டை நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்குத் தலைகாட்டும். அயல் தாவரங்களை அகற்ற மாநில அரசு 2022இல் கொள்கையே வகுத்தது; மரம் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இத்தனை ஊன்றியவர் ஊர்ப் பொறுப்புக்குத் தகுதியானவரா? பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையின் விதிகளை, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டிய கல்வெட்டுகள் சொல்கின்றன; அவையே இதற்கு அளவுகோல். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும்: நிலம் தாராளம், வரி பூஜ்யம். சொந்த மனையில் வீடு வேண்டும்: பட்டா கேட்டால் ஏரிப் புறம்போக்கு என்றே வரும். இக்குறை ஊரில் வேறு சிலருக்கும் உண்டு என்பதால் ஆய்வு இதைப் பெரிதுபடுத்தவில்லை. வயது 35க்கு மேல், 70க்குள்: இனமாகக் கொண்டால் எப்போதோ வயது கடந்துவிட்டது; தனி மரமாகக் கொண்டால் முப்பத்தைந்தை எட்டுமுன் கரிமூட்டத்துக்குப் போய்விடுகிறது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்திருக்கக் கூடாது: ஏரிவாரியத்துக்கு ஆறே உறுப்பினர், இதுவோ ஏரி முழுவதையும் இடைவெளியின்றி நிர்வகித்து வருகிறது.

அடுப்புக்கு விறகும் கொல்லைக்கு வேலியும் தந்ததைத் தகுதியாகக் கொள்ள வேண்டும் என்போர் உண்டு. ஆனால் கல்வெட்டில் அப்படி ஒரு விதி இல்லை. இருப்பது கடுமையான வேறொரு விதி: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது, அவர் மட்டுமல்ல, மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை, மைத்துனன், மருமகன் வரை விலக்கு. ஏரித் தண்ணீர் போன வழிக்கு வேலிக்காத்தான் இதுவரை கணக்குத் தந்ததில்லை.

ஆட்டையும் உறவில் சேர்த்து விலக்குவதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ரத்த உறவில்லை, கொண்டு கொடுத்த சம்பந்தமும் இல்லை என்கிறது ஆட்டுத் தரப்பு. தவிர, தின்ற காய்க்கெல்லாம் ஆடு ஒழுங்காகக் கணக்கை ஒப்படைத்துவிட்டதாம். ஏரியின் உள்வாய் நெடுக அது முளைத்தே நிற்கிறதாம்.