லேடாங் உயரத்தில் ஒரு பனிமலை

கே: பனிச்சறுக்கு என்றாலே நீங்கள் நிசேக்கோ புராணம் பாடுகிறீர்களே, ஆல்ப்ஸுக்கு என்ன குறை?
– ஓர் ஆசிரியை, சாஆ

ப: ஒரு குறையும் இல்லை. என் மனம்தான் நிசேக்கோ இருக்கும் ஜப்பானின் ஹொக்கைடோவில் தங்கிவிட்டது. நிசேக்கோ அன்னுபுரி மலையின் உயரம் 1,308 மீட்டர். நம் ஜொகூரின் லேடாங் 1,276 மீட்டர். வெறும் 32 மீட்டர்தான் வித்தியாசம்! ஆனால் சைபீரியாவின் உலர்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரையேறியதும் எதிர்ப்படும் மலைகளில் கொட்டிவிடுகிறது. ஒரு பருவத்தில் பெய்வதைக் கூட்டினால் ஏறத்தாழ 15 மீட்டர், அதாவது ஐந்து மாடி உயரம். குளிர் கடுமையாக இருப்பதால் பனியில் ஈரப்பசை குறைவு. கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும்.

கே: அப்படியென்றால் லேடாங்கில் ஏன் பனி பெய்வதில்லை?
– ஐந்தாம் ஆண்டு மாணவன், சாஆ

ப: நல்ல கேள்வி, தம்பி. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு பாகை தள்ளி இருக்கிறோம். நிசேக்கோ கிட்டத்தட்ட 43 பாகையில் இருக்கிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள நம் கினாபாலு உச்சியிலேயே எப்போதாவது நீர் உறைவதோடு சரி.

கே: சறுக்கி இறங்க ஒரு சரிவு போதாதா? எதற்கு அவ்வளவு பெரிய இடம்?
– லாரி ஓட்டுநர், யோங் பெங்

ப: நீங்கள் தினமும் ஒரே சாலையில் ஓட்டுகிறவர், அண்ணே. மழை நாளும் வெயில் நாளும் அதே சாலை வேறு வேறாக இருப்பது உங்களுக்குத் தெரியும். மலையும் அப்படித்தான். ஒரே சிகரத்தைச் சுற்றி ஹிராஃபு, ஹனாசோனோ, நிசேக்கோ வில்லேஜ், அன்னுபுரி என நான்கு சறுக்குத்தளங்கள். ஒரே பாஸில் நான்கிலும் போய்வரலாம். ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் அமைதியாக இருக்கும். குடும்பத்தோடு போனால் சின்னவள் அடிவாரத்தில் பழகலாம், அம்மா நடுச்சரிவில் நிதானமாக இறங்கலாம், அண்ணன் மேலே பிர்ச் மரங்களுக்கு நடுவே புகுந்து வரலாம். மதியம் எல்லோரும் ஒரே மேசையில் ராமென் சாப்பிடலாம். சின்ன இடத்தில் இது நடக்காது. இரவெல்லாம் பனி கொட்டி, விடிந்ததும் முதல் லிஃப்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். முழங்கால்வரை பனி, ஸ்கீயின் உரசல் சத்தம்கூட இல்லை, நம் மூச்சுதான் கேட்கும். மேகம் விலகினால் எதிரே 1,898 மீட்டர் யோத்தேய் எரிமலை, ஃபூஜியைப் போன்ற அதே கூம்பு. அந்த ஒரு நிமிடத்துக்காகவே எத்தனை முறையும் போவேன்.

கே: அங்கே மலேசியாவுக்கு ஏதாவது பங்கு உண்டா?
– கடைக்காரர், லாபிஸ்

ப: உண்டு. நான்கில் ஒன்றான நிசேக்கோ வில்லேஜை 2010இல் வாங்கியது நம் ஒய்டிஎல் நிறுவனம்.

கே: பனியே பெய்யாத நாட்டில் பிறந்து ஒலிம்பிக்கில் சறுக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, சிகாமட்

ப: முடியும், முடிந்திருக்கிறது. 2018 பியோங்சாங்கில் மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்தது. பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப் இறங்கினார். 2022 பெய்ஜிங்கில் அருவின் சலேஹுடின், குளிர்கால ஒலிம்பிக்கில் நம் முதல் பெண். இருவரும் பழகியது வெளிநாட்டுப் பனியில்தான். அதனால் பெருமை ஒன்றும் குறையவில்லை.

கே: என் மகள் போக ஆசைப்படுகிறாள். காலை உடைத்துக்கொண்டு வருவாளோ என்று பயமாக இருக்கிறது.
– செம்பனைத் தோட்டத் தொழிலாளி, சாஆ

ப: உங்கள் பயம் நியாயமானது, ஐயா. முதல் நாளே பயிற்றுநர் வேண்டும். தோழிகள் சொல்லித்தருவது போதாது. பூட்ஸின் முன்முனையை ஸ்கீயில் உள்ள பிடிப்பில் நுழைத்துக் குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். பலமாக விழுந்தால் அதுவே கழன்று காலைக் காப்பாற்றும். அதற்கு உடல் எடைக்கு ஏற்றபடி கடையில் முடுக்கித் தர வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். சறுக்கும்போது கால்விரல் முனைகள் உள்ளே, குதிகால்கள் வெளியே, முழங்கால் மடங்கியே இருக்கட்டும்: வேகம் தானாகக் குறையும். தலைக்கவசமும் பனிச்சறுக்கைச் சேர்த்த பயணக் காப்புறுதியும் கட்டாயம். கயிறு கட்டிய எல்லையை மட்டும் தாண்டவே கூடாது. அப்பால் பனிச்சரிவு ஆபத்து, பாஸையும் பறித்துவிடுவார்கள்.

கே: எந்த மாதம் போவது நல்லது?
– அதே கல்லூரி மாணவி

ப: பனிக்கு ஜனவரி, பிப்ரவரி. சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை விலை ஏறும். முதல் தடவை என்றால் மார்ச்சில் போங்கள்: கூட்டமும் குளிரும் குறைவு, பனி இன்னும் நிறைய இருக்கும். ஸ்கீ, பூட்ஸ், உடை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் சொந்தமாக இரண்டு ஜோடி கொண்டு போங்கள்.