சீசரைக் குத்துனது யாரு? நோட்ஸ்ல பாரு!

எய்யா ராசா, பரீட்சை நெருங்கிருச்சு. இனிமே அந்த நாடகப் புத்தகத்தத் தொட்டிராத. தொட்டா வாசிக்கத் தோணும். வாசிச்சா யோசிக்கத் தோணும். யோசிக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு டியூஷன் சாரு எப்படிய்யா பிழைப்பாரு? பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, சாவிய உங்க அம்மாகிட்டக் குடு. நோட்ஸ் இருக்கு, இந்தக் கேள்விதான் வரும்னு சொல்ற சஜஷன் இருக்கு, மனப்பாடம் பண்ண உனக்கு வாய் இருக்கு. நடுவுல சேக்ஸ்பியரு எதுக்கு?

நான் கோவில்பட்டிக்குத் தெக்க ஒரு கரிசக்காட்டு ஊர்ல போஸ்ட்மேனா இருந்து ஓஞ்சவன். மகன் வீடு கல்கத்தா பெஹாலாவுலன்னு இங்க வந்து உக்காந்திருக்கேன். காலையில பால் வாங்கச் சக்கேர் பஜார் பக்கம் நடந்தா, ஒரு கரண்டு கம்பம் மிச்சமில்ல, எல்லாத்துலயும் டியூஷன் நோட்டீசு. ஐ.சி.எஸ்.இ. இங்கிலீஷ், ஐ.எஸ்.சி. இங்கிலீஷ், ஹெச்.எஸ். இங்கிலீஷ், கேரண்டி. நம்ம ஊர்ல கம்பத்துல இப்படிக் கேரண்டி எழுதி ஒட்டுறது மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும்தான். சரி, இதுவும் உக்காந்தே வர்ற வியாதிதானன்னு நெனச்சுக்கிட்டேன்.

இந்த நோட்ஸ நகல் எடுத்துக் குடுக்குற ஜெராக்ஸ் கடைக்காரன் நல்லா இருக்கான், அதச் சொல்லணும். டயமண்ட் ஹார்பர் ரோட்டுல தலைக்கு மேல மெட்ரோ ஓடுது. 2022 கடேசியில ஜோக்காவுலருந்து தாராதலா வரைக்கும் விட்டான், 2024ல மாஜேர்ஹாட் வரைக்கும் நீட்டுனான். அதுல சாயங்காலம் ஏறிப் பாரு. ஸ்கூல் பையோட நிக்கிற பிள்ளைக கையில பூரா ஸ்டேப்ளர் அடிச்ச தாளுதான். ஒரு பிள்ள கையில புத்தகம் இருந்துச்சு. சந்தோசப்பட்டு எட்டிப் பாத்தேன். அது கைடு.

உன் ஐ.சி.எஸ்.இ. பேப்பர் கணக்க நீயே எனக்குச் சொல்லிருக்க. இலக்கியத்துக்கு எழுத்துப் பரீட்சை 80 மார்க்கு, ரெண்டு மணி நேரம். மிச்சம் 20 பள்ளிக்கூடத்துக் கையில. அந்த 80ல 16 மார்க்கு, நாலு விடை குடுத்து ஒண்ணப் பொறுக்கச் சொல்ற கேள்வி. பாக்கி 64க்கு நாலு பெரிய கேள்வி. நாடகத்துல ஒண்ணு, கதையில ஒண்ணு, கவிதையில ஒண்ணு கட்டாயம். பக்கத்து வீட்டுப் பொண்ணு மாநில போர்டு. அவுகளுக்கு 2024லருந்து பதினொண்ணாம் வகுப்புலயே செமஸ்டர் வந்துருச்சு. ஒரு செமஸ்டர் பூரா ஓ.எம்.ஆர். தாள்ல வட்டத்தக் கருப்பாக்கணும், அடுத்த செமஸ்டர்தான் கையால எழுதணும். கவிதைய வாசிச்சிட்டு வட்டத்தக் கருப்பாக்குற வேலைய அந்தக் கவிஞன் பாத்தா என்ன சொல்வானோ, நமக்குத் தெரியாது.

இப்ப ஜூலியஸ் சீசருக்கு வா. உன் நோட்ஸ்ல ஆன்டனியப் பத்தி என்ன போட்டிருக்கு? ‘ஆன்டனி மிகச் சிறந்த பேச்சாளன்.’ பிரமாதம். அதையே எழுது. உன் பேட்ச்ல இருக்குற அத்தன பேரும் அதையேதான் எழுதப் போறீக. திருத்துற டீச்சரம்மாவுக்கு முதல் தாள வாசிச்சாப் போதும், மிச்சத்துக்குக் கண்ண மூடிக்கிட்டு மார்க் போடலாம். அந்தப் புண்ணியம் உங்களச் சேரும்.

அவன் எப்படி நல்லாப் பேசுனான்னு மட்டும் யாரும் கேட்டிரப்படாது. ஆனா பாரு, பெரிய கேள்வி எல்லாம் ‘எப்படி’, ‘ஏன்’னுதான் வருது. நேத்து ராத்திரி நீ வாசிச்சுத் தமிழ்ல சொன்னியே, அத எடுத்துக்கோ. புரூட்டஸ் முதல்ல பேசுறான். சாதா உரைநடையில, நியாயத்த அடுக்கிப் பேசுறான். ஊரு கைதட்டுது. பெறகு ஆன்டனி வாரான், கவிதை நடையில பேசுறான். கையில உயில வச்சுக்கிட்டு, வாசிக்க மாட்டேன், வாசிச்சா நீங்க தாங்க மாட்டீகங்கான். வாசி, வாசின்னு கூட்டம் கத்துது. கத்தவிட்டு, பொணத்தக் காட்டி, அழவச்சு, கூட்டம் தீ வைக்கக் கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தி, ‘உயில மறந்திட்டீகளே’ன்னு ஞாபகப்படுத்தி வாசிக்கான். தலைக்கு 75 திராக்மா. போக, ஆத்தங்கரைத் தோட்டமெல்லாம் ஊருக்குப் பொது. இத நம்ம ஊர்க் கிழவிககிட்டச் சொல்லிப் பாரு. சேக்ஸ்பியரு யாருன்னு கேக்கமாட்டாளுக. ‘எலெக்சன் என்னைக்கு?’ன்னுதான் கேப்பாளுக. 1599ல எழுதுன நாடகம்யா அது.

இன்னொண்ணு. போஸ்ட்மேன் உத்தியோகத்துல கடுதாசி குடுக்குறது பாதி வேலை, வாசிக்கத் தெரியாத பொம்பளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறது பாதி வேலை. பம்பாய்க்குப் போன புருசன் ‘நான் இங்க சௌக்கியம்’னு ஒருதரம் எழுதிருந்தா அவ சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவா. அதே தாள்ல மூணுதரம் ‘சௌக்கியம்’ வந்துச்சுன்னா மூஞ்சி வாடிப்போகும். எழுத்துக் கூட்டத் தெரியாதவ, எழுதாதத வாசிச்சிருவா. ஆன்டனி புரூட்டஸப் பாத்து மானஸ்தன், மானஸ்தன்னு எத்தனதரம் சொல்றான்னு நீ எண்ணு. எத்தனாவது தடவையில அது வசவா மாறுதுன்னு பென்சில்ல ஒரு கோடு போடு. அந்தக் கோடு உன் கோடு. எந்த ஜெராக்ஸ் கடையிலயும் கெடைக்காது. இதெல்லாம் பண்ணச் சொல்லல நான். பண்ணிட்டா டியூஷன் பீசு வீணாப்போகுமேன்னு எச்சரிக்கேன்.

நோட்ஸ்காரன் வேகமா ஓடுறதால விட்டுப்போன சங்கதியெல்லாம் வேற கெடக்கு. சீசருக்கு இடது காது கேக்காது. வலது பக்கம் வாய்யான்னு ஆன்டனியக் கூப்பிடுறான். உலகத்தையே ஆளப் போறவனுக்கு ஒரு காது செவிடு! ரெண்டாம் அங்கத்துல சதிகாரப் பயலுக கூடிப் பேசையில கடிகார மணி அடிக்குது. அந்தக் கால ரோமாபுரியில மணி அடிக்கிற கடிகாரமே கெடையாதே! பெரிய மனுசன் பண்ணுனா அதுக்கும் விளக்கவுரை உண்டு, நீ பண்ணுனா சுழியம். அப்புறம் அந்தச் சின்னா. கவிஞன். சதிகாரன் ஒருத்தனுக்கும் அதே பேரு. நான் அவனில்ல, கவிஞன்னு கெஞ்சுறான். அப்படின்னா மட்டமான கவிதை எழுதுனதுக்காகக் கொல்லுங்கடான்னு கூட்டம் பாயுது. இந்தச் சட்டம் நம்ம பக்கம் வந்திருந்தா கவியரங்க மேடையெல்லாம் காலி. சிரிப்பு வருதுல்ல? சிரிச்ச அடுத்த நிமிசம் வயித்தக் கலக்குதுல்ல? கூட்டத்தப் பத்தி 16 மார்க்குக்கு என்ன கேட்டாலும் விடை அந்தக் கலக்கத்துலதான் இருக்கு.

பரிஷா டீக்கடை பெஞ்சுல எனக்கு ஒரு சிநேகிதர், ரிட்டையர் ஆன வாத்தியார். ஊரே ‘மாஸ்டர் மொஷாய்’னு கூப்பிடுது. அவர் இங்கிலீசு முழுசு, என் இங்கிலீசு கால்வாசி, மிச்சத்த டீ பாத்துக்கிடும். அவருதான் சொன்னாரு, கல்கத்தாவுக்கு இங்கிலீசு நொழஞ்ச வாசலே நம்ம பேட்டைதானாம். 1698 நவம்பர் 10, பரிஷாவுல சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்து ஆட்சாலா மண்டபத்துல, சுதாநுட்டி, களிகாதா, கோவிந்தபூர்னு மூணு ஊரையும் 1,300 ரூவாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு எழுதிக் குடுத்தாக. அந்த மண்டபத் தூணு இன்னும் நிக்குது, போய்ப் பாத்தேன். நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து இங்கிலீசு உருப்போடுற பாவத்துக்கு அந்தப் பத்திரந்தான் மூலம். கோவம் வந்தா தூணப் போயி ரெண்டு உதை விடு.

பரீட்சைக்குப் பயந்தவன் நீ மட்டுமில்ல. 1857ல கல்கத்தா யுனிவர்சிட்டி வந்துச்சு. மறுவருசம் முதல் பி.ஏ. பரீட்சை. பாசானது ரெண்டே பேரு, அதுவும் கருணை மார்க் போட்டு. அதுல ஒருத்தர் பங்கிம் சந்திரர், வந்தே மாதரம் எழுதுனவரு. அதனால ரிசல்ட்டு அன்னைக்கு உங்க அப்பன் மொறச்சா, பங்கிம் பேரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லிராத.

மைக்கேல் மதுசூதன் தத்தர் கதை இன்னும் ருசி. இங்க இந்து காலேஜுல இங்கிலீசு படிச்சுட்டு, இங்கிலீசுலயே பெருங்கவி ஆகணும்னு கிளம்புன மனுசன், 1848ல நம்ம மெட்ராசுக்கு வந்து வாத்தியார் வேலை பாத்தாரு. 1849ல அங்க வச்சே இங்கிலீசுக் கவிதைப் புத்தகமும் போட்டாரு. அத வாசிச்ச பெத்யூன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை, உன் சொந்தப் பாஷையில எழுதப்பான்னு புத்தி சொன்னாரு. கல்கத்தா திரும்பி 1861ல வங்காளத்துல மேகநாதன் காவியத்தக் கொண்டாந்தாரு. அதுல நாயகன் ராமன் இல்ல, ராவணன் மகன் இந்திரஜித்து. ஊர் ஊராச் சொல்லி வந்த கதைய எதிர்ப்பக்கம் நின்னு வாசிச்சவரு. அவருக்கு அப்ப ஒரு சஜஷன் குடுத்திருந்தா, ‘ராமன் குணநலன்கள் பத்து’ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு.

இப்ப வகுப்புல டிஸ்கஷன் வைக்காகன்னியே, அதப் பேசுவோம். டீச்சர் கேட்டா நீங்க எல்லாம் குனிஞ்சு செருப்பப் பாப்பீகளாமே. அதுவும் சரிதான். வாயத் தொறந்தா கருத்து வெளிய வந்துரும், வந்தா அது தப்பாயிரும். இந்த ஊருக்கா இந்த நெலமை? 1826ல இந்து காலேஜுக்கு வாத்தியாரா வந்த தெரோசியோவுக்கு அப்ப மீசை மொளச்சும் மொளைக்காத வயசு. 1828ல மாணவங்கள வச்சு ஒரு விவாதச் சபை கூட்டி, கடவுள் உண்டா, விதி உண்டான்னு பிச்சுப் பிச்சுப் பேசவிட்டாரு. பெத்தவங்களுக்குத் தாங்கல. 1831ல வேலையவிட்டு அனுப்பிட்டாக. அதே வருசம் காலராவுல போயிட்டாரு, 22 வயசு. அவர் வச்ச பரீட்சைய யாரும் ஞாபகம் வச்சிருக்கல. அவர் வச்ச சண்டைய இன்னும் டீக்கடையில பேசுறாக.

நம்ம பக்கம் மட்டும் என்ன கொறைச்சல்? திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போட்டா, ஊரு முழிச்சிருக்கிறது கல்யாணத்தப் பாக்கவா? வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்குற தர்க்கத்துக்குத்தான். சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு எழுதி வச்சிருக்காரு. ஆனா தர்க்கத்துல நடிகன் மேடையிலயே யோசிச்சு எதிராளிய மடக்கணும். எழுதிக் குடுத்தத ஒப்பிச்சா கல்லு வரும். மார்க் இல்ல, கல்லு! சேக்ஸ்பியரும் நமக்கு அந்நியன் இல்ல. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்ட அமலாதித்யன் ஆக்குனாரு, வெனிஸ் வணிகன வாணீபுர வணிகன் ஆக்குனாரு. சீசராவே சிவாஜி வந்து நின்னாரே ‘சொர்க்கம்’ படத்துல, 1970ல. பாத்துட்டு டீக்கடையில எங்காளுக புரூட்டஸ வைஞ்ச வசவு இருக்கே, அது எந்த நோட்ஸ்லயும் அச்சேறாது.

அதனால சிநேகிதப் பயலுகளக் கூட்டியா. மொட்டமாடியில ரெண்டு கட்சி பிரிங்க. புரூட்டஸ் நல்லவனா, ஏமாளியான்னு அடிச்சுக்கிடுங்க. ஒரே ஒரு நிபந்தனை: எது பேசுனாலும் நாடகத்துல எந்த எடத்துல இருக்குன்னு பக்கத்தத் தொறந்து காட்டணும். காட்ட முடியாதவன் எல்லாருக்கும் சிங்காடா, அதான் இந்த ஊர்ச் சமோசா, வாங்கித் தரணும். பாடப் பட்டியல்ல சுகுமார் ராய் கவிதை ஒண்ணு இருக்குல்ல, பாட்டுப் பாடியே ஊர அலறவிடுற ஆளப் பத்தி? அதுக்கு நோட்ஸ் தேடி அலையுற. கீழ் வீட்டுப் பாட்டி அத வங்காளத்துல மனப்பாடமாச் சொல்றா, 1923ல வந்த ‘ஆபோல் தாபோல்’ புத்தகத்துல உள்ளதாம். போயி அவ காலடியில உக்காந்து கேளு, சிரிப்பு எங்க வருதுன்னு தெரியும். பதிலுக்கு நீயும் நம்ம பக்கத்துச் சங்கதி ஏதாவது சொல்லிக் குடு. சில வருசம் முன்ன வரைக்கும் மாநில போர்டு பன்னெண்டாம் வகுப்புல அப்துல் கலாம் பாடம் இருந்துச்சு. ராமேஸ்வரத்தையே பாக்காத பெங்காலிப் பிள்ளைக அவரு அப்பாவையும், கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரியையும் பத்தி எழுதிப் பாசானாக. நீ ராமேஸ்வரத்துக்கே போயிருக்க, வாயத் தொறந்து சொன்னியா?

தாகூர் 1918ல ஒரு கிளிக் கதை எழுதுனாரு. ராசா கிளிக்குப் படிப்புச் சொல்லித்தரச் சொல்லுவான். தங்கக் கூண்டு செய்வாக, தாளு தாளாக் கிழிச்சு வாயில திணிப்பாக. கடேசியில கிளி செத்துப்போகும், உள்ள காகிதம் சரசரங்கும். அந்தக் கதைக்கும் பெஹாலா சௌராஸ்தா கடையில யாராவது நோட்ஸ் விக்கானான்னு மாஸ்டர் மொஷாய்கிட்டக் கேட்டேன். பதில் சொல்லல, இன்னொரு டீ சொன்னாரு.

கடேசியா ஒரு சேதி, இது கேலி இல்ல. கேள்வித்தாளக் குடுத்ததும் முதல் 15 நிமிசம் பேனாவத் தொடவிட மாட்டான்னு நீதான் சொன்ன. வாசிக்க மட்டுந்தான் நேரம். அந்த 15 நிமிசத்துக்கு எந்த சாரும் நோட்ஸ் போடல.