அம்மாவின் ஃபைல்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா விசா கேட்டுப் போனார். வீட்டுப் பத்திரம், பாஸ்புக், மாமாவின் சம்பளச் சீட்டு என்று ஃபைல் நிறைய எடுத்துப் போனார். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டி அனுப்பிவிட்டார்கள். என்ன தப்பு செய்தார்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாளில் 214(பி) என்று இருந்திருக்குமே? அது அமெரிக்காவின் 1952-ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டத்தில் உள்ள பிரிவு. சுற்றிப்பார்க்க வருகிறேன் என்பவரையும் 'தங்கிவிட வந்தவர்' என்றுதான் முதலில் நினைக்கச் சொல்கிறது. இல்லையென்று காட்டவேண்டியது அம்மாவின் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, குறையை நிரூபிக்கும் வேலை விசா அதிகாரிகளுக்குக் கிடையாது!

உங்கள் மாமாவின் சம்பளச் சீட்டு, அம்மாவுக்கு அங்கே சோறு உண்டு என்பதைத்தான் சொல்லும். கும்பகோணத்துக்குத் திரும்பி வர என்ன காரணம் என்பதே அவர்கள் கேள்வி. அப்பா, வீடு, பென்ஷன் எல்லாம் இங்கே இருப்பதை அம்மா வாயால் சொன்னாரா? இரண்டு மூன்று நிமிடப் பேச்சில் ஃபைலைவிட வாய்தான் பேசும். "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்றதற்கு "அவ விடுற வரைக்கும்" என்றிருந்தால், நமக்குத் தாய்ப்பாசம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது வாக்குமூலம்.

மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம்; முன்பு மறுத்ததை மட்டும் மறைக்க வேண்டாம். கட்டிய 185 டாலர் திரும்ப வராது.