காசு கொடுத்து வேடிக்கை பார்த்தவர்கள்

வாசகி, நியூ டவுன், கொல்கத்தா: மாமா, எங்கள் ஊர் மதர்ஸ் வாக்ஸ் மியூசியத்தில் மெழுகு மனிதர்களைப் பார்த்தோம். நிஜ மனிதர்களையே இப்படி நிறுத்திக் காட்டினார்களாமே?

காட்டினார்கள், காசும் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் பெண் சாரா பார்ட்மேனை 1810-இல் லண்டன் பிக்காடிலியில் மேடையேற்றினார்கள். ஒருவர் கிள்ளினார், ஒருவர் கைத்தடியால் குத்தினார், ஒரு சீமாட்டி குடையால் குத்திப் பார்த்தாள், எல்லாம் நிஜம்தானா என்று! மெழுகுக்கு வலிக்காது, தாயே.

வாசகர், மதுரை: யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லையா?

போனார்கள். அடிமை ஒழிப்புக்காரர் ஜகரி மெக்காலே தரப்பு வழக்குப் போட்டது. ‘சம்மதித்துத்தான் நிற்கிறார்’ என்று எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை நீட்ட, கேஸ் தோற்றது. முதலாளி பிடியில் இருப்பவளிடம் வாங்கிய சம்மதம்! இந்த ஜகரியின் மகன்தான் 1835-இல் கல்கத்தாவில் உட்கார்ந்து நமக்கு இங்கிலீஷ் படிப்பை விதித்த மெக்காலே. அப்பாவுக்கு என் சல்யூட். மகனைப் பற்றி இன்னொரு வாரம் பேசுவோம்.

வாசகி, திருச்சி: விஞ்ஞானிகளாவது மரியாதையாக நடந்தார்களா?

பிறகு பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்ட சாராவை 1815 மார்ச்சில் மூன்று நாள் சுற்றி நின்று வரைந்தார்கள். இடுப்புத் துணியை எடுக்கச் சொன்னார்கள். சாரா முடியாது என்றார். டிசம்பரில் இறந்தார். விஞ்ஞானி கூவியே கத்தியோடு வந்தார். உயிரோடு இருந்தவர் மறுத்ததைப் பிணத்திடம் பறித்துக்கொண்டார். எலும்புக்கூடு 1974 வரை மியூசியத்தில் காட்சிப்பொருள். மண்டேலா கேட்டு, 2002 ஆகஸ்ட் 9 அன்றுதான் ஹேங்கியில் சொந்த மண்ணில் அடக்கம். மெத்தப் படித்த திருட்டு!

வாசகர், ஹவுரா: கல்கத்தாவில் இப்படி உண்டா?

திட்டம் போட்டார்கள். 1866-இல் ஏசியாட்டிக் சொசைட்டியில் டாக்டர் ஃபேரர் சொன்ன யோசனை: பல இனத்து ஆட்களைக் கொண்டுவந்து கொட்டகைகளில் உட்கார வைத்து ஆராய்வது. மலைவாசிகள் ஊர் திரும்புவதற்குள் பலர் சாவார்கள் என்று அசாம் கமிஷனர் எச்சரித்தார், கைவிட்டார்கள். பதிலுக்கு 1872-இல் அந்த இனங்களைப் பற்றி டால்டன் என்ற அதிகாரி எழுதிய தடிமனான புத்தகம் வந்தது. திட்டம் செத்தது, ஆட்கள் பிழைத்தார்கள்.

வாசகர், தெஹிவளை: எங்கள் ஆட்களையும் காட்டினார்களா?

ஜெர்மன் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1880-களில் சிலோன் ஆட்களையும் யானைகளையும் ஒரே டிக்கெட்டில் காட்டினார். உங்கள் ஊர் மிருகக்காட்சிச் சாலைக்கு அடி போட்ட ஜான், அவருடைய மாற்றாந்தாய் தம்பி!

வாசகி, சென்னை: நல்லவேளை, இப்போது இல்லை.

யார் சொன்னது? அந்தமானில் ஜராவா பழங்குடிப் பெண்களைத் தீனி காட்டி டூரிஸ்டுகள் முன் ஆட வைத்த வீடியோ 2012-இல் வெளிவந்தது. அவர்கள் காட்டுக்குள் போகும் ரோட்டை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்குள்ள பாராடாங் குகைக்கு ஏஜென்ட் கூப்பிட்டால் எந்த வழி என்று கேளுங்கள். ஜராவா காடு வழியாக என்றால் வண்டியில் ஏறாதீர்கள்.